செரண்டிபிட்டி: எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது

ஆங்கிலத்தில் எழுதப் பழகுகிறவர்களுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் ‘செரண்டிபிட்டி’ என்ற சொல்மீது ஆசை வந்துவிடுகிறது. வாயில் உருட்டிப் பார்க்க நன்றாக இருக்கும். காபிக் கடைக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் அந்தப் பெயரை வைக்கிறார்கள். அகராதியைப் புரட்டினால் ‘எதிர்பாராமல் நல்லது நடப்பது’ என்கிற மாதிரி ஒரு விளக்கம் கிடைக்கும். இவ்வளவுதானே என்று எடுத்து, எதிர்பாராமல் நடக்கிற எல்லாவற்றுக்கும் போட ஆரம்பித்துவிடுகிறோம். நண்பர்கள் ரகசியமாக ஏற்பாடு செய்த பிறந்தநாள் கேக் செரண்டிபிட்டி. கேரள லாட்டரியில் பரிசு விழுந்தால் செரண்டிபிட்டி. மழையால் பரீட்சை தள்ளிப்போனாலும் செரண்டிபிட்டி.

இந்த மூன்று இடத்திலும் அந்தச் சொல் பொருந்தாது. எதிர்பாராததைக் குறிக்க ஆங்கிலத்தில் சொற்கள் நிறைய உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அவற்றில் மிகக் குறைந்த இடங்களில் மட்டும் உட்காரக்கூடியது செரண்டிபிட்டி. கல்லூரி விண்ணப்பக் கட்டுரை எழுதுகிறவர்கள், அலுவலக மின்னஞ்சல் எழுதுகிறவர்கள், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பெயர்க்கிறவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து, புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு எந்த வரிசையில் சொன்னால் பிடிபடுமோ அந்த வரிசையில் எழுதுகிறேன்.

முதல் படி: சொல்லைச் சரியாகச் சொல்லிப் பழகுங்கள்

செ-ரன்-டிப்-இ-டி. அழுத்தம் நடுவில் உள்ள ‘டிப்’ மேல் விழ வேண்டும். நம்மில் பலர் முதல் அசையை அழுத்திவிட்டு மீதியை வேகமாக விழுங்கிவிடுவோம். அப்படிச் சொன்னால் கேட்கிறவருக்கு ஒரு நொடி குழப்பம் வரும். இதிலிருந்து வரும் பெயரடை ‘செரண்டிபிட்டஸ்’, வினையடை ‘செரண்டிபிட்டஸ்லி’. இரண்டிலும் அழுத்தம் அதே ‘டிப்’பில்தான். நாலைந்து முறை உரக்கச் சொன்னால் நாக்கு பழகிவிடும்.

இரண்டாம் படி: சொல் பிறந்த கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

மற்ற சொற்களுக்கு இந்தப் படியைத் தாண்டிப் போகச் சொல்வேன். இதற்குச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் இந்தச் சொல்லைப் பயன்படுத்தும் விதியே அதன் கதைக்குள்தான் இருக்கிறது.

ஆங்கிலச் சொற்களில் பெரும்பாலானவை யார் வாயில் எப்போது பிறந்தன என்று சொல்ல முடியாது. இதற்குத் தேதியே உண்டு: 1754 ஜனவரி 28. அன்று ஹோரஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர், இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் பிரிட்டிஷ் பிரதிநிதியாக இருந்த தன் நண்பர் ஹோரஸ் மானுக்கு ஒரு கடிதம் எழுதினார். வால்போல், பிரிட்டனின் முதல் பிரதமர் என்று சொல்லப்படும் ராபர்ட் வால்போலின் மகன். கடிதம் எழுதுவதில் சளைக்காதவர். பியாங்கா கப்பெல்லோ என்ற 16ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கோமாட்டியின் ஓவியத்தை மான் அவருக்கு அனுப்பியிருந்தார். அப்புறம் வெனிஸ் நகரத்துக் குலச்சின்னங்கள் பற்றிய ஒரு பழைய புத்தகத்தைப் புரட்டியபோது, அந்தக் கப்பெல்லோ குடும்பத்தின் சின்னத்தைப் பற்றிய தகவல் வால்போலின் கண்ணில் பட்டது. இந்த வகைக் கண்டுபிடிப்பை நான் ‘செரண்டிபிட்டி’ என்று சொல்வேன் என்று கடிதத்தில் எழுதிவிட்டு, புதுச் சொல் ஆகையால் நண்பருக்கு விளக்கமும் கொடுத்தார்.

விளக்கம் இதுதான்: ‘செரண்டிப் நாட்டின் மூன்று இளவரசர்கள்’ என்று ஓர் அசட்டுக் கதையைப் படித்தேன், அந்த இளவரசர்கள் பயணம் போகும் வழியெல்லாம், தாங்கள் தேடாத விஷயங்களைத் தற்செயலாலும் மதிநுட்பத்தாலும் கண்டுபிடித்துக்கொண்டே போவார்கள்.

செரண்டிப் என்பது இலங்கை. அரபு, பாரசீக மாலுமிகள் அந்தத் தீவை ‘சரன்தீப்’ என்றார்கள். ரோமானிய வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் மார்செல்லினுஸ், 4ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜூலியனிடம் வந்த தூதர்களைப் பற்றிச் சொல்லும்போது ‘செரெண்டிவி’ என்று ஒரு மக்களைக் குறிப்பிடுகிறார். சிந்துபாத் தன் ஆறாவது பயணத்தில் கரையேறுவதும் இங்கேதான். 1344இல் இலங்கைக்கு வந்த இபின் பதூதா, சிவனொளிபாத மலையைச் சரன்தீப் மலை என்றே எழுதினார். மலையேறுவதற்கு முன் அவர் புத்தளத்தில் சந்தித்தது யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியை. பெயரின் மூலத்தை ‘சிங்களத்வீபம்’ என்ற வடமொழி வடிவம் என்றுதான் அகராதிகள் தருகின்றன. ‘சேரன் தீவு’தான் செரண்டிப் ஆயிற்று என்று வாட்ஸ்அப்பில் ஒரு விளக்கம் சுற்றுகிறது. கேட்க இனிமையாக இருந்தாலும் அதற்கு நிற்கக்கூடிய சான்று கிடையாது, தேர்வில் எழுதிவிடாதீர்கள்.

வால்போல் படித்த கதை, 1557இல் வெனிஸில் இத்தாலிய மொழியில் அச்சான ஒரு புத்தகத்தின் வழிவந்தது. அதற்குப் பின்னால் டெல்லிக் கவிஞர் அமீர் குஸ்ரோ 1302இல் பாரசீகத்தில் பாடிய ‘எட்டுச் சொர்க்கங்கள்’ இருக்கிறது. கதையின் புகழ்பெற்ற பகுதி ஒட்டகத்தைப் பற்றியது. வழியில் ஒட்டகத்தைத் தொலைத்த ஒருவன் இளவரசர்களிடம் விசாரிக்கிறான். அதற்கு ஒரு கண் குருடா, ஒரு பல் இல்லையா, கால் நொண்டியா என்று இவர்கள் கேட்கிறார்கள். அப்படியே சரியாக இருக்கவும், இவர்கள்தான் திருடியிருக்க வேண்டும் என்று அவன் பிடித்துக்கொடுத்துவிடுகிறான். அப்புறம் அரசன் முன்னால் விளக்கம் சொல்கிறார்கள். பாதையின் ஒரு பக்கத்துப் புல் செழிப்பாக இருந்தும் மறுபக்கத்து மட்டமான புல்லையே அது மேய்ந்திருந்தது, ஆகவே ஒரு கண் தெரியாது, இப்படி.

இந்த ஒட்டகம் நமக்கு அந்நியமானதல்ல. அளகாபுரி ராஜாவையும் அவனுடைய நான்கு மந்திரிகளையும் பற்றிய பழைய தமிழ்க் கதையிலும் இதே போல ஓர் ஒட்டகம் தொலைகிறது. அங்கே வாலின் நீளத்தைக்கூடத் துப்பறிந்துவிடுவார்கள்.

கூர்ந்து பார்த்தால் இந்த ஒட்டகக் கதை வால்போல் சொன்னதற்கு அவ்வளவாகப் பொருந்தாது. இது துப்பறியும் கதை. தற்செயல் இதில் குறைவு, மதிநுட்பம்தான் நிறைய. வால்போலுக்கு விலங்கே மறந்துபோய்க் கோவேறு கழுதை என்று எழுதினார். இருந்தாலும் நமக்கு வேண்டியது அவருடைய விளக்க வாக்கியம்தான். அதில் மூன்று துண்டுகள் இருக்கின்றன: தற்செயல், மதிநுட்பம், தேடாத பொருள். பிற்காலத்தில் வந்த எல்லா நல்ல பயன்பாடுகளும் இந்த மூன்றில்தான் நிற்கின்றன.

வால்போலின் அந்தக் கடிதங்கள் 1833இல் அச்சுக்கு வந்தன. வேறொருவர் அந்தச் சொல்லை எடுத்து அச்சில் ஆள்வதற்கு 1875 வரை ஆயிற்று. பிறகு பழம்புத்தகச் சேகரிப்பாளர்களிடம் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, 20ஆம் நூற்றாண்டில் ஹார்வர்டு உடலியங்கியல் பேராசிரியர் வால்டர் கேனன் போன்றவர்கள் கையில் விஞ்ஞானிகளின் சொல்லாக மாறியது. காபிக் கடைக்கு வந்தது அதற்கும் பிறகு.

மூன்றாம் படி: மூன்று கேள்விகள் கேளுங்கள்

ஒரு நிகழ்ச்சிக்கு இந்தச் சொல்லைப் போடலாமா என்று சந்தேகம் வந்தால் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். அந்த ஆள் வேறு எதையாவது தேடிக்கொண்டோ செய்துகொண்டோ இருந்தாரா? கிடைத்தது, தேடியதைவிட வேறான நல்ல ஒன்றா? அது நல்லது, முக்கியமானது என்று கண்டுகொள்ள அவருக்குக் கண் இருந்ததா? மூன்றுக்கும் ஆம் என்றால் தாராளமாகப் போடுங்கள். ஒன்று இடித்தாலும் வேறு சொல் தேடுங்கள்.

எல்லோரும் சொல்லும் உதாரணம் பெனிசிலின். அதிலேயே ஆரம்பிப்போம். 1928 செப்டம்பரில் அலெக்சாண்டர் ஃப்ளெமிங் விடுமுறை முடிந்து லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையிலுள்ள தன் ஆய்வகத்துக்குத் திரும்பினார். ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியா வளர்த்து வைத்திருந்த தட்டு ஒன்றில் பூஞ்சணம் படிந்திருந்தது. அதைச் சுற்றியிருந்த பாக்டீரியா அழிந்திருந்தது. முதல் கேள்வி சரி: அவர் அந்தப் பாக்டீரியாவைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார், பூஞ்சணத்தைத் தேடவில்லை. இரண்டாவது கேள்விக்குப் பதிலே தேவையில்லை. மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கெட்டுப்போன தட்டு எந்த ஆய்வகத்திலும் இருக்கும், கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். ஃப்ளெமிங் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, கண்ணீரிலும் சளியிலும் இருக்கும் லைசோசைம் என்ற நொதி, பாக்டீரியாவைக் கரைப்பதைக் கண்டுபிடித்திருந்தார். பாக்டீரியா கரைவதைப் பார்த்துப் பழகிய கண் அது. ‘உற்றுநோக்கும் துறைகளில் தற்செயல் என்பது தயாராக இருக்கும் மனத்துக்கே துணைபோகும்’ என்று லூயி பாஸ்டர் 1854இல் லீல் நகரில் பேசியது இதைப் பற்றித்தான்.

இன்னொரு உதாரணம் எனக்கு இதைவிடப் பிடிக்கும். 1964இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் என்ற இருவர் பெல் ஆய்வகத்தின் பெரிய ஆண்டெனாவை வானொலி வானியலுக்குத் தயார்செய்துகொண்டிருந்தார்கள். எந்தத் திசையில் திருப்பினாலும் ஒரே அளவில் ஓர் இரைச்சல். உள்ளே புறா கூடு கட்டியிருந்தது. புறாக்களை விரட்டி, எச்சத்தைத் துடைத்து, இணைப்புகளைச் சரிபார்த்தும் இரைச்சல் போகவில்லை. பக்கத்திலேயே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டிக்கியின் குழு, பெருவெடிப்பின் மிச்சமாக வானமெங்கும் ஒரு கதிர்வீச்சு இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, அதைத் தேடக் கருவி கட்டிக்கொண்டிருந்தது. இவர்களுடன் பேசியபோதுதான் இரைச்சல் எதுவென்று அந்த இருவருக்கும் தெரிந்தது. 1978இல் நோபல் பரிசு அவர்களுக்குப் போயிற்று. இப்போது சொல்லைப் பொருத்திப் பாருங்கள். பென்சியாஸுக்கும் வில்சனுக்கும் இது செரண்டிபிட்டி. டிக்கியின் குழு முந்திக்கொண்டு கண்டுபிடித்திருந்தால் அதே கதிர்வீச்சு, அதே வானம், ஆனால் செரண்டிபிட்டி கிடையாது. தேடியதைக் கண்டார்கள், அவ்வளவுதான். ஆக இந்தச் சொல் கிடைத்த பொருளைப் பற்றியது இல்லை, கிடைத்த விதத்தைப் பற்றியது.

வரிசையாக இன்னும் சில: 1856இல் 18 வயது வில்லியம் பெர்கின் மலேரியாவுக்கான குயினைனைச் செயற்கையாகச் செய்யப் பார்த்து ஊதாச் சாயத்தைக் கண்டது, பொருந்தும். 3எம் நிறுவனத்தில் 1968இல் ஸ்பென்சர் சில்வர் வலுவான பசை செய்யப் போய், ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பசை வந்தது. சில ஆண்டுகள் கழித்து ஆர்ட் ஃப்ரை என்ற சக ஊழியர், தேவாலயப் பாட்டுப் புத்தகத்திலிருந்து நழுவிக்கொண்டே இருந்த அடையாளச் சீட்டுக்கு அதைப் பயன்படுத்தலாமே என்று யோசித்ததில் பிறந்தது போஸ்ட்-இட் தாள். இதுவும் பொருந்தும், ஆனால் கண்டது ஒருவர், கண்டுகொண்டது இன்னொருவர்.

பொருந்தாத ஒன்றையும் சொல்ல வேண்டும். 1492இல் கொலம்பஸ் ஆசியாவைத் தேடிப் போய் அமெரிக்கத் தீவுகளில் இறங்கினார். இதைச் செரண்டிபிட்டிக்கு உதாரணமாகப் பல இடங்களில் பார்க்கலாம். எனக்கு உடன்பாடில்லை. முதல் கேள்வியில் தேறுகிறார். ஆனால் தான் வந்தது ஆசியா என்றே அவர் சாகும்வரை சாதித்துக்கொண்டிருந்தார். கையில் கிடைத்தது எதுவென்று கண்டுகொள்ளாதவருக்கு இந்தச் சொல்லை எப்படிக் கொடுப்பது? ‘நல்ல ஒன்றா’ என்ற இரண்டாம் கேள்வியை அந்தத் தீவுகளில் ஏற்கெனவே இருந்தவர்களிடம் கேட்டால் பதில் என்னவாக இருக்கும் என்பது வேறு.

நான்காம் படி: அக்கம்பக்கத்துச் சொற்களைப் பிரித்தறியுங்கள்

செரண்டிபிட்டியைத் தவறாகப் போடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் அந்த இடத்துக்கான சரியான சொல் தெரிந்தேதான் இருக்கும். அதன்மேல் ஆசை இல்லை, அவ்வளவே. நம் பழமொழிகளை வைத்தே பிரித்துவிடலாம், நினைவிலும் நிற்கும்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால் அது ‘கோயின்சிடென்ஸ்’. இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில் ஒட்டிக்கொண்டன, காரணத் தொடர்பு இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பள்ளித் தோழி உட்கார்ந்திருந்தது இந்த வகை. அவள் வேலை பார்க்கும் இடத்தில் உங்கள் ஆராய்ச்சிக்கு வேண்டிய ஆவணம் இருப்பது பேச்சில் தெரியவந்து, நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டு போனால், அப்போது செரண்டிபிட்டி பக்கம் நகர்கிறது.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தால் அது வெறும் ‘லக்’. தேடிப் போனதும் தெய்வம், கிடைத்ததும் அதே தெய்வம், ஆகவே முதல் கேள்வியிலேயே விழுந்துவிடுகிறது. இந்தப் பழமொழியைத்தான் செரண்டிபிட்டிக்கு மொழிபெயர்ப்பாகப் பலர் போடுகிறார்கள். நெருங்கி வருகிறது, ஆனால் சேரவில்லை.

குருட்டு அதிர்ஷ்டம் ‘ஃப்ளூக்’. பத்தாவது ஆட்டக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வீசி, மட்டையின் விளிம்பில் பட்ட பந்து கீப்பர் தலைக்கு மேலே சிக்ஸருக்குப் போனால் ஃப்ளூக். திறமைக்குச் சம்பந்தமில்லை, இன்னொரு முறை நடக்காது என்ற லேசான கேலி அந்தச் சொல்லுக்குள்ளேயே உண்டு. அதனால் உங்கள் மேலாளருடைய வெற்றியைப் பற்றி எழுதும்போது இதைப் போட்டுவிடாதீர்கள்.

‘விண்ட்ஃபால்’ பெரும்பாலும் பணம். காற்றில் உதிர்ந்த பழத்தைக் குறித்த சொல் அது. லாட்டரிப் பரிசு, எதிர்பாராத சொத்துரிமை, நிறுவனங்களுக்குத் திடீரென்று கொட்டும் லாபம் எல்லாம் இதில் அடங்கும். 2022 ஜூலையில் கச்சா எண்ணெய் உற்பத்தியாளர்களின் திடீர் லாபத்தின்மீது இந்திய அரசு போட்டு, 2024 டிசம்பரில் நீக்கிய வரியைச் செய்தித்தாள்கள் ‘விண்ட்ஃபால் டாக்ஸ்’ என்று எழுதியதைப் படித்திருப்பீர்கள்.

‘சர்ப்ரைஸ்’ மனத்தில் ஏற்படும் உணர்ச்சியையும் அதை உண்டாக்கும் செயலையும் குறிக்கும். நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். முக்கியமாக, இன்னொருவர் திட்டம்போட்டும் செய்யலாம். பிறந்தநாள் கேக்கை நண்பர்கள் ஒரு வாரமாகத் திட்டமிட்டிருந்தால் அதில் தற்செயல் எங்கே இருக்கிறது?

‘அன்ஃபோர்சீன்’ அலுவலகச் சொல். ரயில் ரத்து, கூட்டம் ஒத்திவைப்பு, விடுப்புக் கடிதம் ஆகியவற்றில் ‘அன்ஃபோர்சீன் சர்க்கம்ஸ்டன்ஸஸ்’ என்று வரும். அந்தச் சொல்லைப் பார்த்தாலே நல்ல செய்தி இல்லை என்று தெரிந்துவிடும். அதன் உறவு ‘கன்டின்ஜென்சி’: எதிர்பாராதது வரும் என்று எதிர்பார்த்து முன்கூட்டியே ஒதுக்கிவைப்பது. இந்திய அரசமைப்பின் 267ஆம் பிரிவு சொல்லும் ‘கன்டின்ஜென்சி ஃபண்ட்’ இதுதான்; 2021இல் அதன் அளவை 500 கோடி ரூபாயிலிருந்து 30,000 கோடியாக உயர்த்தினார்கள். வீட்டுச் செலவுக் கணக்கில் ‘இதர செலவு’ என்று ஒரு வரி போட்டுவைப்போமே, அதற்கும் இதே சொல்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டால்? ஒன்றைத் தேடி வேறொன்று கிடைத்திருக்கிறது, ஆனால் கெட்டது. அமைப்பில் செரண்டிபிட்டியின் நேர் எதிர். இதற்கு ஆங்கிலத்தில் நிலைத்த சொல் இல்லை. பிரிட்டிஷ் நாவலாசிரியர் வில்லியம் பாய்ட் 1998இல் ‘செம்ப்ளானிட்டி’ என்று ஒன்றை உண்டாக்கினார். வெப்பத்தீவான இலங்கைக்கு எதிராக, வடதுருவத்துக்குப் பக்கத்தில் உறைந்து கிடக்கும் நோவா செம்ப்ளா தீவை எடுத்துக்கொண்டார். அது பரவவில்லை. இந்த விஷயத்தில் நம் பூதம் எவ்வளவோ மேல்.

ஐந்தாம் படி: வாக்கியத்தில் உட்காரவையுங்கள்

இலக்கணம் அதிகமில்லை. செரண்டிபிட்டி பெரும்பாலும் எண்ண முடியாத பெயர்ச்சொல், ‘லக்’ மாதிரி. அதனால் ‘இட் வாஸ் எ செரண்டிபிட்டி’ என்று ‘எ’ போட வேண்டாம். ‘இட் வாஸ் பியூர் செரண்டிபிட்டி’ என்பது நன்றாக நிற்கும். ‘பியூர்’ இடத்தில் ‘ஷீர்’ போடலாம். ‘எ’ வேண்டுமென்றால் ‘எ மொமென்ட் ஆஃப் செரண்டிபிட்டி’, ‘எ ஸ்ட்ரோக் ஆஃப் செரண்டிபிட்டி’ என்று சுற்றி வாருங்கள். ‘பை செரண்டிபிட்டி’ என்றால் அப்படி நேர்ந்ததால் என்று பொருள். பெயரடைக்கு ‘எ செரண்டிபிட்டஸ் டிஸ்கவரி’, ‘எ செரண்டிபிட்டஸ் மீட்டிங்’. வினைச்சொல் கிடையாது, ‘ஐ செரண்டிபிட்டட்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

‘அன்எக்ஸ்பெக்டட் செரண்டிபிட்டி’ என்று எழுதாதீர்கள். எதிர்பாராதது என்பது உள்ளேயே இருக்கிறது. நடுசென்டர் என்பது போல ஆகிவிடும். ‘பேட் செரண்டிபிட்டி’யும் கூடாது.

‘பிளான்ட் செரண்டிபிட்டி’ என்று யாராவது எழுதியிருந்தால் தவறு என்று உடனே திருத்திவிடாதீர்கள், அது வேண்டுமென்றே செய்வது. வெவ்வேறு துறை ஆட்கள் தற்செயலாக முட்டிக்கொள்ளட்டும் என்று அலுவலகத்தின் நடுவே பெரிய கூடம் வைத்துக் கட்டுவதைப் பற்றிப் பேசும்போது இப்படிச் சொல்வார்கள். பிக்ஸார் நிறுவனத்தின் எமரிவில் கட்டடத்தை ஸ்டீவ் ஜாப்ஸ் அந்த எண்ணத்தில்தான் கட்டவைத்தார். கணினி அறிவியல் படிக்கிறவர்களுக்கு இதே சொல் கலைச்சொல்லாகவும் வரும்: பரிந்துரை நிரல்களில், பயனர் தானாகத் தேடியிருக்க மாட்டார், ஆனால் காட்டினால் பிடிக்கும் என்ற தன்மையைச் செரண்டிபிட்டி என்ற அளவையால் குறிக்கிறார்கள். நீங்கள் ஏற்கெனவே கேட்ட பாடகரின் அடுத்த பாட்டைக் காட்டினால் அது சேராது.

ஆறாம் படி: தமிழில் சொல்லும்போது

மொழிபெயர்ப்பாளர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ‘தற்செயல்’ என்று போட்டால் மதிநுட்பம் போய்விடுகிறது. ‘அதிர்ஷ்டம்’ என்றால் தேடல் போய்விடுகிறது. ‘தற்செயல் கண்டுபிடிப்பு’ அறிவியல் கட்டுரைக்குப் போதும், காதல் கதைக்கு ஆகாது. ஒற்றைச் சொல்லுக்கு ஒற்றைச் சொல் என்று மல்லுக்கட்டாமல், வாக்கியத்தைத் திருப்பிப் போடுவதுதான் என் வழக்கம்: ‘தேடிப் போனது ஒன்று, கையில் சிக்கியது அதைவிட நல்ல வேறொன்று’. நீளம்தான். கதையில் ஒருமுறை இப்படிச் சொல்லிவிட்டால் அடுத்தடுத்த இடங்களில் ‘தேடாமல் கிடைத்தது’ என்று சுருக்கிக்கொள்ளலாம். சொல்லைப் பற்றியே பேசும் கட்டுரை என்றால் செரண்டிபிட்டி என்றே எழுதிவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஏழாம் படி: கொஞ்சம் பயிற்சி

கீழே உள்ளவற்றுக்கு முதலில் நீங்களே சொல் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு என் பதிலைப் பாருங்கள்.

நூலகத்தில் வேதியியல் புத்தகம் தேடுகிறீர்கள். யாரோ தவறான அடுக்கில் வைத்துவிட்டுப்போன கர்நாடக இசை வரலாறு கையில் சிக்குகிறது. நின்றபடியே படித்து, அதையே முனைவர் பட்ட ஆய்வாக எடுத்துக்கொள்கிறீர்கள். செரண்டிபிட்டி, சந்தேகமே இல்லை. புரட்டிவிட்டுத் திரும்ப அதே தவறான அடுக்கில் செருகியிருந்தால் கிடையாது.

நேர்முகத் தேர்வுக்குப் போகிற வழியில் டயர் பஞ்சர். தாமதமாகப் போனீர்கள், தேர்வும் தாமதமாகத்தான் ஆரம்பித்தது. ‘லக்’. மனிதவள அதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் பஞ்சரைக் குறிப்பிட வேண்டுமென்றால் ‘அன்ஃபோர்சீன்’.

பழைய சட்டைப் பையில் ஐந்நூறு ரூபாய்த் தாள். சின்ன ‘விண்ட்ஃபால்’. பழைய ஆயிரம் ரூபாய்த் தாளாக இருந்தால் 2016 நவம்பருக்குப் பிறகு அதற்கு என்ன சொல் என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் சரளைக் குழி ஒன்றிலிருந்து பழைய கற்காலக் கல் கருவியை எடுத்தார். இந்தியாவின் கற்கால ஆராய்ச்சி அதிலிருந்துதான் தொடங்குகிறது. இது கொஞ்சம் சிக்கலான கணக்கு. பாறைகளை ஆராய்வதுதான் அவர் உத்தியோகம் என்று பார்த்தால் செரண்டிபிட்டி. ஆனால் ஐரோப்பாவில் அப்படிப்பட்ட கருவிகள் கிடைத்த செய்தியை ஏற்கெனவே அறிந்து, இங்கேயும் இருக்கக்கூடும் என்று கண்ணை வைத்திருந்தவர் அவர். தேடாத பொருள் என்று முழு மனதோடு சொல்ல முடியாது. நான் எழுதினால் ‘பார்ட்லி செரண்டிபிட்டஸ்’ என்று எழுதுவேன்.

கடைசியாக ஒன்றை வாக்கியமாகவே எழுதிப் பாருங்கள். 1880இல் கும்பகோணத்தில், திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சொன்னதால், ஊருக்கு முனிசீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை மரியாதைக்குப் பார்க்கப் போனார் உ.வே.சாமிநாதையர். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்ட முதலியார், அவர் அடுக்கிய அந்தாதிகளிலும் பிள்ளைத்தமிழ்களிலும் திருப்தி அடையாமல், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்தார்; பிறகு சங்க நூல்கள் ஒவ்வொன்றாக வந்தன. மூன்று கேள்விகளையும் போட்டுப் பாருங்கள்: போனது உபசாரத்துக்கு, கிடைத்தது வாழ்நாள் வேலை, கண்டுகொள்ளும் கண்ணை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்த ஆண்டுகள் தந்திருந்தன. இதை ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியத்தில், செரண்டிபிட்டி அல்லது செரண்டிபிட்டஸ் ஏதாவது ஒன்று ஒருமுறை மட்டும் வரும்படி எழுதுங்கள். முதல் வாக்கியத்தில் அவர் எதற்காகப் போனார் என்பது வந்துவிட வேண்டும். அது இல்லாமல் ‘லக்கிலி’ என்று ஆரம்பித்திருந்தால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.